கோயில் பக்கத்தில் கிடைவாட்டு ஸ்க்ரோல்பார்: குரோமில் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் இல்லை

செம்பனைத்தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பட்டணத்தில் சின்னதாக ஒரு போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். பேனர், கல்யாண அழைப்பு, ரசீதுப் புத்தகம் அடிப்பதுதான் பிழைப்பு. வெப் பக்கம் செய்வது நானே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட அரைகுறை வித்தை.

எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு பக்கம் செய்து தரச் சொன்னார்கள். தோட்டம் கித்தாவிலிருந்து (ரப்பர்) செம்பனைக்கு (பாமாயில் மரம்) மாறி வெகுநாளாகிறது. லயமெல்லாம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) உடைத்தாயிற்று. சனங்கள் தாமான் தாமானாக (குடியிருப்புப் பகுதிகள்) சிதறிப் போய்விட்டார்கள், ஆனால் திருவிழாவுக்கு மட்டும் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். மேலே அம்மன் படத்தோடு முழு அகல பேனர். அடுத்து பூசை நிகழ்ச்சி நிரல், வழி காட்டும் மேப், கடைசியில் உபயகாரர் பட்டியல் (பெயர், இப்போது இருக்கும் ஊர், முன்பு இருந்த லயம், தொகை).

என் லேப்டாப் விண்டோஸ் 11. குரோமில் திறந்தால் அடியில் கிடைவாட்டில் ஒரு ஸ்க்ரோல்பார் வந்து நிற்கிறது. தள்ளினால் ஒரு விரல் அகலம்கூட நகர்வதில்லை, ஆனால் போகவும் மாட்டேன் என்கிறது. அதே லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் சுத்தமாக இல்லை. என் அக்கா மகனுடைய மேக்புக்கிலும் இல்லை. அவன் மவுஸ் செருகினான், வந்துவிட்டது! கழற்றினான், போய்விட்டது. பில்லி சூனியம்போல இருந்தது.

கைப்பேசியில் ஸ்க்ரோல்பார் தெரிவதில்லை, ஆனால் முழுப் பக்கமும் இடமும் வலமுமாக ஆடுகிறது. கோயில் செயலாளர் முன்னாள் கிராணி (தோட்டத்து எழுத்தர்), கணக்கில் ஒரு காசு இடித்தாலும் விடமாட்டார். "தம்பி, பக்கம் ஏன் தள்ளாடுது?" என்று கேட்டுவிட்டார்.

எங்கோ படித்து எச்டிஎம்எல், பாடி (பக்கத்தின் வெளி உறை, அதன் உள்பகுதி) இரண்டுக்கும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் (பக்கவாட்டில் நீட்டுவதை மறைக்கும் கட்டளை) போட்டேன். ஆட்டம் நின்றது. ஆனால் மேலே ஒட்டி நிற்க வேண்டிய மெனு இப்போது ஒட்டாமல் பக்கத்தோடு சேர்ந்து ஓடிவிடுகிறது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடுகிறது. உதவுங்கள்.

(கோட் வரிகளை அப்படியே ஒட்டினால் இந்தத் தளம் தின்றுவிடுகிறது. அதனால் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதினால் நல்லது.)

---

பால்மரம்:

தம்பி, ஒரே கேள்வி. பேனரின் அகலம் 100விடபிள்யூ (திரை அகலம் முழுவதும்) என்று போட்டிருக்கிறாயா?

---

செம்பனைத்தம்பி:

ஆமாம் அண்ணே! பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்?

---

பால்மரம்:

மவுஸ் செருகியதும் வந்தது என்றாயே, அதிலேயே விடை இருக்கிறது.

ஸ்க்ரோல்பாரில் இரண்டு சாதி. ஒன்று பழைய மாதிரி, தனக்கென்று இடம் பிடித்துக்கொண்டு உட்கார்வது. இன்னொன்று பக்கத்தின் மேல் நிழல்போலத் தோன்றி மறைவது, இடமே எடுக்காது. கைப்பேசிகளில் இரண்டாவதுதான். மேக்கில் 2011-இல் வந்த லயன் பதிப்பிலிருந்து டிராக்பேட் மட்டும் இருந்தால் நிழல் மாதிரி, மவுஸ் செருகினால் இடம் பிடிக்கும் மாதிரி. அதன் செட்டிங்கே "மவுஸைப் பொறுத்துத் தானாக முடிவு செய்" என்றுதான் இருக்கும். உன் அக்கா மகன் வீட்டில் நடந்தது சூனியமில்லை, அதுதான்.

விண்டோஸ் குரோமில் செங்குத்து ஸ்க்ரோல்பார் இடம் பிடிக்கும் சாதி. பதிப்பைப் பொறுத்து 15 அல்லது 17 பிக்சல். ஃபயர்ஃபாக்ஸ் 2022 மே மாதம் வந்த 100-ஆவது பதிப்பிலிருந்து விண்டோஸ் 11-இல் நிழல் மாதிரிக்கு மாறிவிட்டது. ஒரே லேப்டாப்பில் இரண்டு விதமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இனி கணக்கு. உன் திரை 1366 பிக்சல் என்று வை. செங்குத்து ஸ்க்ரோல்பார் 17 எடுத்துக்கொண்டால் பக்கத்துக்கு மிஞ்சுவது 1349. ஆனால் 100விடபிள்யூ என்றால் உலாவி ஸ்க்ரோல்பாரையும் சேர்த்து 1366 என்று எடுத்துக்கொள்கிறது. பேனர் 17 பிக்சல் வெளியே நீட்டுகிறது. நீட்டியதைக் காட்டத்தான் அடியில் கிடைவாட்டில் ஒன்று முளைக்கிறது. நீ "ஒரு விரல் அகலம்கூட இல்லை" என்றாயே, அது அந்த 17 பிக்சல்தான்.

பேனருக்கு விடபிள்யூவே வேண்டாம். பாடிக்கு நேர் கீழே இருக்கும் டிவ் (பக்கத்தின் ஒரு பெட்டி) தானாகவே முழு அகலம் எடுக்கும். நடுவில் ஒரு கன்டெய்னருக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் அதை வெளியே தூக்கி வை. அவ்வளவுதான் வேலை.

ஜாவாஸ்க்ரிப்டில் அளக்கும்போதும் இதே குழி உண்டு. விண்டோ.இன்னர்விட்த் ஸ்க்ரோல்பாரையும் சேர்த்துச் சொல்லும், டாக்குமெண்ட்எலிமெண்டின் கிளையண்ட்விட்த் அதைக் கழித்துவிட்டுச் சொல்லும்.

---

பாசார்மாலாம்:

இவ்வளவு பெரிய பாடம் எதற்கு? பாடிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன், முடிந்தது கதை. வருசக்கணக்காக எல்லா வாடிக்கையாளருக்கும் அதைத்தான் போட்டுத் தருகிறேன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. திருவிழாப் பக்கம்தானே, விண்வெளிக்கா அனுப்புகிறோம்?

---

செம்பனைத்தம்பி:

பால்மரம் அண்ணே, பேனரை வெளியே எடுத்தேன். ஹிடனையும் நீக்கினேன். குரோமில் அடி ஸ்க்ரோல்பார் போய்விட்டது, மெனுவும் ஒட்டி நிற்கிறது. மிக்க நன்றி.

ஆனால் கைப்பேசியில் ஆட்டம் நிற்கவில்லை. அப்புறம் இன்னொரு விசித்திரம். நன்கொடை கொடுத்த பிறகு வரும் "நன்றி" பக்கத்தில் நடுவில் ஒரே ஒரு வரிதான். அதற்கும் செங்குத்து ஸ்க்ரோல்பார் வருகிறது. ஒரு வரியில் எதை ஸ்க்ரோல் செய்வது?

பாசார்மாலாம் அண்ணே, நான் போட்டபோது மெனு கெட்டதே?

---

லயத்துக்காரி:

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் அதே தோட்டத்துப் பிள்ளைதான். கோயில், கித்தாவிலிருந்து செம்பனை, கிராணி செயலாளர் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் தெரிந்துவிட்டது. இப்போது கேஎல்லில் (கோலாலம்பூர்) ஒரு அலுவலகத்தில் பக்க வடிவமைப்புதான் என் வேலை. அதனால் இந்த இழையை விட்டுப் போக மனசில்லை.

நன்றிப் பக்கம்: வரி நடுவில் நிற்க வேண்டுமென்று உயரம் 100விஎச் (திரை உயரம் முழுவதும்) போட்டிருப்பாய். பாடிக்கு உலாவி தானாகக் கொடுக்கும் மார்ஜின் (வெளி இடைவெளி) நாலு பக்கமும் 8 பிக்சல். மேலே 8, கீழே 8. திரை உயரம் 100விஎச், அதற்கு மேல் 16 பிக்சல். அந்தப் பதினாறுக்குத்தான் ஸ்க்ரோல்பார். பாடி மார்ஜினைப் பூச்சியமாக்கு, போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஒரு ஸ்க்ரோல்பார் இன்னொன்றைப் பெற்றுப்போடும். அந்த 16 பிக்சலால் செங்குத்தில் ஒன்று வருகிறது. அது அகலத்தில் 17 பிக்சலைத் தின்கிறது. அதே பக்கத்தில் எங்காவது 100விடபிள்யூ இருந்தால் உடனே கிடைவாட்டிலும் ஒன்று. இரண்டு ஸ்க்ரோல்பாரைப் பார்த்துப் பதறி இரண்டு தவறைத் தேடுவோம், மூலம் ஒன்றாக இருக்கும்.

கைப்பேசியில் 100விஎச் இன்னும் மோசம். முகவரிப் பட்டை சுருங்கிய பிறகு கிடைக்கும் பெரிய உயரத்தைத்தான் அது கணக்கில் எடுக்கும். பட்டை விரிந்திருக்கும்போது பக்கம் திரையைவிட நீளமாகிவிடுகிறது. இதற்காகவே எஸ்விஎச் (பட்டை விரிந்திருக்கும்போதுள்ள சின்ன உயரம்), எல்விஎச் (பட்டை சுருங்கிய பெரிய உயரம்), டிவிஎச் (பட்டைக்கேற்ப மாறும் உயரம்) என்று மூன்று அலகுகள் வந்தன. 2022 முடிவதற்குள் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் வந்துவிட்டன. நன்றிப் பக்கத்துக்கு மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 100எஸ்விஎச் போதும். டிவிஎச் வேண்டாம், பட்டை விரியும்போதும் சுருங்கும்போதும் அந்த வரி மேலும் கீழும் குதிக்கும்.

பாசார்மாலாம் அண்ணே, குறை சொல்லவில்லை என்றால் குறை இல்லை என்று ஆகாது. கூரை ஒழுகுகிற இடத்தில் பாயை விரித்து மறைத்த மாதிரிதான். உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது, பார்க்க முடியாதபடி வெட்டிவிடுகிறீர்கள். வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு பொத்தானோ தொலைபேசி எண்ணோ இருந்தால் கைப்பேசிக்காரர்களுக்கு அது இல்லவே இல்லை.

---

பாசார்மாலாம்:

தங்கச்சி, கோபப்படாதீர்கள். என் பக்கங்களில் மெனு ஒட்டத்தான் செய்கிறது. தம்பிக்கு மட்டும் ஏன் கெட்டது? அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

---

பால்மரம்:

நல்ல கேள்வி. உங்களுடையது ஒட்டுவதற்கும் தம்பியுடையது ஒட்டாததற்கும் ஒரு காரணம்தான். நீங்கள் பாடிக்கு மட்டும் போடுகிறீர்கள், தம்பி எச்டிஎம்எல்லுக்கும் சேர்த்துப் போட்டார்.

பாடிக்கு மட்டும் போட்டால் உலாவி அந்த ஓவர்ஃப்ளோவை எடுத்துத் திரை முழுவதற்கும் கொடுத்துவிடும். பாடி பழையபடி சாதாரணமாக இருக்கும், ஸ்டிக்கி (மேலே ஒட்டி நிற்கும்) மெனு திரையைப் பார்த்து ஒட்டும். எச்டிஎம்எல்லுக்கும் போட்டுவிட்டால் திரைக்குப் போவது எச்டிஎம்எல்லின் ஓவர்ஃப்ளோ. பாடியுடையது பாடியிலேயே தங்கிவிடும். அந்தக் கணமே பாடி தனியாக ஒரு ஸ்க்ரோல் பெட்டி. ஸ்டிக்கி எப்போதும் தனக்கு மேலே இருக்கும் முதல் ஸ்க்ரோல் பெட்டியைத்தான் பிடிக்கும். இப்போது அது பாடி. பாடியோ உள்ளடக்கத்தின் உயரத்துக்கு விரிந்து கிடக்கிறது, தனக்குள் நகர்வதே இல்லை. நகராத பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெனு எங்கே ஒட்டும்?

இதைவிடப் பலரைக் கவிழ்க்கும் விதி இன்னொன்று. ஒரு டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் என்று மட்டும் எழுதினால், ஓவர்ஃப்ளோ-ஒய் (செங்குத்துத் திசை) விசிபிளாகவே (நீட்டுவதைத் தெரிய விடுவது) இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. ஒரு திசை ஹிடனானால் மறு திசையின் விசிபிளை உலாவி தானாகவே ஆட்டோவாக (தேவைப்பட்டால் ஸ்க்ரோல்பார் காட்டுவது) மாற்றிவிடும். சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) விதியே அப்படி, எந்த உலாவியின் பிழையும் இல்லை. கிடைவாட்டு ஸ்க்ரோல்பாரை மறைக்கப் போன இடத்தில், உள்ளே ஒரு டிராப்டவுன் திறந்ததும் செங்குத்தில் புதிதாக ஒன்று முளைப்பது இதனால்தான்.

உண்மையிலேயே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஹிடனுக்குப் பதில் கிளிப் போடுங்கள். கிளிப் ஸ்க்ரோல் பெட்டியை உருவாக்காது, மறு திசையையும் தொடாது, ஸ்டிக்கியும் பிழைக்கும். சஃபாரியில் 2022-இல் வந்த 16-ஆவது பதிப்பிலிருந்து உண்டு, மற்றவற்றில் அதற்கு முன்பே வந்துவிட்டது. பாடிக்கு வேண்டாம், உள்ளே ஒரு டிவ்வுக்குப் போடுங்கள்.

---

பாசார்மாலாம்:

சரி, பாடிக்கு மட்டும் போட்டு இத்தனை நாள் தப்பித்திருக்கிறேன். மறு திசை ஆட்டோவாகும் கதை எனக்குத் தெரியாது. ஒரு வாடிக்கையாளர் பக்கத்தில் மெனுவுக்குள் குட்டியாக ஒரு ஸ்க்ரோல்பார் வந்து, அதற்காக ஒரு ராத்திரி முழுக்க முழித்தேன். இப்போதுதான் விளங்குகிறது.

---

லயத்துக்காரி:

தம்பி, கைப்பேசி ஆட்டத்துக்கு வருவோம். ஊகிக்க வேண்டாம், குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

முதல் வழி: எல்லா எலிமெண்டுக்கும் நட்சத்திரக் குறி போட்டு, சிவப்பில் ஒரு பிக்சல் அவுட்லைன் கொடு. பார்டர் கொடுக்காதே. பார்டர் இடம் எடுக்கும், நீ தேடுகிற தப்போடு புதுத் தப்பும் சேரும். அவுட்லைன் இடம் எடுக்காது. பக்கத்தைக் குறுக்கிப் பார்த்தால் வரிசையை விட்டு வலது பக்கம் எந்தப் பெட்டி துருத்துகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது வழி: கன்சோலில் (உலாவிக்குள் கட்டளை தட்டும் இடம்) எல்லா எலிமெண்டுகளையும் ஒரு சுற்று சுற்றி, கெட்பவுண்டிங்கிளையண்ட்ரெக்ட் கொடுக்கும் வலது விளிம்பு டாக்குமெண்ட்எலிமெண்டின் கிளையண்ட்விட்த்தைத் தாண்டினால் அதன் பெயரை அச்சடிக்கச் சொல். மூன்று வரி வேலை.

ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பதால் உனக்கு மூன்றாவது வழியும் உண்டு. இன்ஸ்பெக்டரில் (பக்கத்தின் எலிமெண்டுகளைக் காட்டும் கருவி) ஸ்க்ரோல் ஆகும் எலிமெண்டுக்குப் பக்கத்தில் "ஸ்க்ரோல்" என்று ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதை அழுத்தினால் காரணமான எலிமெண்டையே காட்டிக்கொடுக்கும். நான் முதலில் போவது இதற்குத்தான்.

தேடும்போது ஒன்றை நினைவில் வை. இடதுபுறமும் மேல்புறமும் வெளியே போனதற்கு ஸ்க்ரோல்பார் வராது, அங்கே உலாவி போகவே விடாது. வலதும் கீழும் மட்டும்தான். அதனால் பக்கவாட்டு மெனுவை இடதில் மறைத்து வைத்திருந்தால் அது நிரபராதி, வலதில் என்றால் சந்தேகி. வலதிலிருந்து வழுக்கி உள்ளே நுழைகிற அனிமேஷனும் அப்படியே. டிரான்ஸ்ஃபார்ம் வைத்துத் தள்ளினாலும் கணக்கில் வரும். பாக்ஸ்-ஷேடோ வராது.

---

செம்பனைத்தம்பி:

அக்கா, கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து தேடினேன். மூன்று பேர் மாட்டினார்கள்.

முதலாவது கூகுள் மேப். ஒட்டக் கொடுத்த கோட் வரியிலேயே அகலம் 600, உயரம் 450 என்று இருக்கிறது. என் கைப்பேசி 360 பிக்சல்தான். அகலம் 100 சதவீதம் என்று மாற்றினேன். போன வருச தீமிதி யூடியூப் வீடியோவும் 560-க்கு 315 என்று வந்திருந்தது, அதையும் மாற்றி ஆஸ்பெக்ட்-ரேஷியோ 16க்கு 9 போட்டேன்.

இரண்டாவது நன்கொடைப் படிவம். பெயர் எழுதும் பெட்டிக்கு அகலம் 100 சதவீதம், அதற்கு மேல் இரு பக்கமும் பேடிங் (உள் இடைவெளி) 12 பிக்சல், பார்டர் 1 பிக்சல். ஆக 26 பிக்சல் வெளியே. எல்லாவற்றுக்கும் பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ் (பேடிங், பார்டரையும் அகலத்துக்குள் அடக்குவது) போட்டதும் அடங்கியது. இதை வீடியோவில் எல்லாரும் முதல் நிமிடத்திலேயே சொல்கிறார்கள். நான்தான் அவசரத்தில் தாண்டிவிட்டேன்.

மூன்றாவதுதான் புரியவில்லை. மேலே சபையின் பெயர் இருக்கும் தலைப்பு வலதில் துருத்துகிறது. அது வெறும் எழுத்து! படமில்லை, அகலம் எதுவும் கொடுக்கவில்லை.

---

எழுத்துருப்பித்தன்:

இவ்வளவு நேரம் ஓரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். இது என் ஏரியா.

அந்தத் தலைப்பை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லட்டுமா? "ஸ்ரீமகாமாரியம்மன் ஆலயபரிபாலனசபை". கோயில் ரப்பர் ஸ்டாம்பில் இருப்பதுபோல ஒட்டி. சரியா?

---

செம்பனைத்தம்பி:

அப்படியேதான். செயலாளர் ஸ்டாம்பைப் பார்த்து எழுதச் சொன்னார்.

---

எழுத்துருப்பித்தன்:

உலாவி இடைவெளி இருக்கும் இடத்தில்தான் வரியை உடைக்கும். ஆங்கிலத்துக்குச் செய்யப்பட்ட டெம்ப்ளேட்டுகளில் இது பெரிதாகத் தெரியாது, அவர்கள் சொல் குட்டை. தமிழில் "கொடுக்கப்பட்டிருந்ததால்தான்" என்று ஒரே சொல்லில் வாக்கியமே முடிந்துவிடும். பெரிய எழுத்தில், 360 பிக்சல் திரையில் அது அடங்காது. அடங்காத சொல் துருத்தும், பக்கம் ஆடும்.

எழுத்துருவும் சேர்ந்து விளையாடுகிறது. நீங்கள் தனியாக எழுத்துரு ஏற்றாவிட்டால் புதிய விண்டோஸில் நிர்மலா, பழையவற்றில் லதா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கருவிக்கு ஒன்று வரும். மேக்கில் கிடைக்கும் இணைமதி நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் வடிவமைத்தது என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே சொல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அகலம். லேப்டாப்பில் மயிரிழையில் அடங்கிய தலைப்பு கைப்பேசியில் நாலு பிக்சல் தாண்டும். உலாவி மேல் பழி போடுவோம், வித்தியாசம் எழுத்துருவில் இருக்கும்.

செய்ய வேண்டியது: தலைப்புக்கு ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் (அடங்காத சொல்லை மட்டும் நடுவிலும் உடைப்பது). பிரேக்-வேர்டு என்றும் ஒன்று உண்டு, பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது எனிவேர் அந்த உடைப்புகளையும் எண்ணிக்கொள்ளும், பிரேக்-வேர்டு எண்ணாது. அதனால் டேபிள், ஃபிளெக்ஸ், கிரிட் (பெட்டிகளை வரிசையாகவும் கட்டமாகவும் அடுக்கும் முறைகள்) இவற்றுக்குள் எனிவேர்தான் கைகொடுக்கும். வேர்டு-பிரேக் பிரேக்-ஆல் மட்டும் வேண்டவே வேண்டாம். அது குட்டிச் சொற்களையும் வரி ஓரத்தில் கண்டபடி வெட்டும், "அம்" ஒரு வரியிலும் "மன்" அடுத்த வரியிலும் நிற்கும். சாமி குத்தம்.

அதைவிட அழகான வழி கையால் சொல்வது. "ஆலய" முடிந்த இடத்தில் ஒரு டபிள்யூபிஆர் டேக், "பரிபாலன" முடிந்த இடத்தில் இன்னொன்று. இடம் போதாவிட்டால் மட்டும் அங்கே உடையும், பொருள் கெடாது.

---

லயத்துக்காரி:

இதோடு ஒரு சின்ன ஒட்டு. தலைப்பு ஃபிளெக்ஸ் வரிசையில் லோகோவுக்குப் பக்கத்தில் இருந்தால் மின்-விட்த் பூச்சியம் என்று அதற்குக் கொடு. ஃபிளெக்ஸ் பிள்ளைகளுக்குக் குறைந்தபட்ச அகலம் தானாகவே ஆட்டோ, அதாவது உள்ளே இருக்கும் நீளமான சொல்லைவிடச் சிறிதாகச் சுருங்க மாட்டார்கள். கிரிட்டில் 1எஃப்ஆர் (மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு) போட்டாலும் இதே பிடிவாதம், அங்கே மின்மேக்ஸ் பூச்சியம், 1எஃப்ஆர் என்று எழுத வேண்டும்.

---

செம்பனைத்தம்பி:

கைப்பேசியில் ஆட்டம் நின்றுவிட்டது! அம்மன் புண்ணியத்தில் உங்கள் எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்.

இன்னும் இரண்டு சில்லறைத் தொல்லை. நிகழ்ச்சி நிரல் பக்கம் நீளம், தொடர்பு பக்கம் குட்டை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் லேப்டாப்பில் மேல் மெனு முழுக்க வலது பக்கம் துளி நகர்கிறது. திரும்பி வந்தால் இடது பக்கம் வருகிறது. அப்புறம் செயலாளர் வீட்டு விண்டோஸ் 10 கணினியில் மட்டும் படத்தொகுப்புக்கு அடியில் ஸ்க்ரோல்பார் இன்னும் நிற்கிறதாம். அவர் படம் எடுத்து அனுப்பினார். எனக்கு எந்த உலாவியிலும் வரவில்லை.

---

பால்மரம்:

முதலாவது பழைய வியாதி. நீளப் பக்கத்தில் ஸ்க்ரோல்பார் இருக்கிறது, குட்டைப் பக்கத்தில் இல்லை. அகலம் மாறுகிறது, நடுவில் இருப்பவை அதில் பாதி தூரம் நகர்கின்றன. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்க்ரோல்பாருக்கு இடம் விட்டு வைக்கும், அதனால் அந்தக் காலத்தில் மற்ற உலாவிகளில்தான் இந்தக் குதிப்பைக் கவனித்தோம். எச்டிஎம்எல்லுக்கு ஓவர்ஃப்ளோ-ஒய் ஸ்க்ரோல் என்று போட்டுச் சமாளித்தோம். இப்போது ஸ்க்ரோல்பார்-கட்டர் ஸ்டேபிள் இருக்கிறது. ஸ்க்ரோல்பார் வராவிட்டாலும் அதன் இடத்தைக் காலியாக வைக்கும். குரோமில் 2021-இல் 94-ஆவது பதிப்பு, ஃபயர்ஃபாக்ஸில் 2022-இல் 97, சஃபாரியில்தான் தாமதம், 2024 டிசம்பரில் 18.2. உன் கோயில் பக்கத்துக்கு இதுவே போதும். நிழல் மாதிரி ஸ்க்ரோல்பார் இருக்கும் இடத்தில் இது ஒன்றும் செய்யாது, பயப்படாதே.

இரண்டாவது: படத்தொகுப்பில் ஒரு வரிசைக்கு மூன்று படம், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் போட்டாய்?

---

செம்பனைத்தம்பி:

33.34. 33.33 போட்டால் ஓரத்தில் மெல்லிய கோடு தெரிந்தது.

---

பால்மரம்:

மூன்றால் பெருக்கு. 100.02. கடை ரசீதில் இப்படிக் கூட்டினால் விடுவாயா?

உன் திரையில் அது கால் பிக்சல், உலாவி விழுங்கிவிடுகிறது. அவர் கணினியில் டிஸ்ப்ளே ஸ்கேல் 125 சதவீதமாக இருக்கும். அந்த அளவில் வட்டமாக்கும்போது கால் பிக்சல் ஒரு பிக்சலாகத் திரளும், ஸ்க்ரோல்பாருக்கு அது போதும். உன் உலாவியில் 110, 125 என்று ஜூம் செய்து பார், உனக்கும் எங்காவது ஓர் அளவில் வரும். சதவீதத்தை விட்டுவிட்டு கிரிட்டில் மூன்று சம நெடுவரிசை போடு. பங்கு பிரிக்கிற வேலையை உலாவியே பார்த்துக்கொள்ளும்.

படங்களுக்கு டிஸ்ப்ளே பிளாக்கும் கொடுத்துவிடு. படம் எழுத்தைப்போல வரியில் உட்காருவதால் அடியில் சில பிக்சல் இடைவெளி விழும். உயரம் கட்டிய பெட்டிக்குள் ஓவர்ஃப்ளோ ஆட்டோ இருந்தால் அதற்கும் ஒரு ஸ்க்ரோல்பார் வந்து நிற்கும்.

---

செம்பனைத்தம்பி:

125 சதவீதம்தான் அண்ணே. கண்ணாடி போட்டும் எழுத்துச் சின்னதாகத் தெரிகிறது என்று அவர் மகள் மாற்றி வைத்தாராம். கிரிட் போட்டதும் அவர் கணினியிலும் போய்விட்டது. நேற்று சாயங்காலம் பக்கத்தை வாட்ஸப் குழுவில் விட்டோம்.

ராத்திரி பத்து மணிக்குச் செயலாளர் போன். "தம்பி, உபயகாரர் தொகையை ஏன் மறைச்சே? நான் ஏதோ கணக்கை ஒளிக்கிறேன்னு நாலு பேர் கேட்டுட்டாங்க." எனக்குக் கை நடுங்கிவிட்டது. லேப்டாப்பில் தொகை நன்றாகத் தெரிகிறது.

பிறகுதான் கைப்பேசியில் பார்த்தேன். பட்டியல் அகலம் என்பதால் அதை மட்டும் ஒரு டிவ்வுக்குள் வைத்து ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ போட்டிருந்தேன். பெயர், ஊர், லயம் மூன்றும் சரியாகத் திரையை நிரப்பிவிட்டன. தொகை வலதில், தள்ளினால் வரும். ஆனால் கைப்பேசியில் ஸ்க்ரோல்பார் நிழல் சாதியாயிற்றே, கை வைக்கும்வரை தெரியாது. அங்கே இன்னொரு நெடுவரிசை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரமாக ஸ்க்ரோல்பாரை ஒழிக்க அலைந்தேன். இப்போது ஒன்று வேண்டும்.

---

பாசார்மாலாம்:

ஹாஹா. ஓவர்ஃப்ளோ விசிபிள், முடிந்தது கதை.

---

லயத்துக்காரி:

அண்ணே, சும்மா இருங்கள்.

தம்பி, கைப்பேசியில் நிரந்தரமாக ஸ்க்ரோல்பார் காட்டச் சொல்லி மல்லுக்கட்டாதே. எல்லாக் கைப்பேசியும் நீ சொன்னபடி கேட்காது. வேறு விதமாகச் சொல். முதலில் நெடுவரிசைகளை மாற்று: பெயருக்கு அடுத்தே தொகை, பிறகு ஊர், கடைசியில் லயம். கணக்குச் சண்டை அதோடு முடியும். அடுத்து, திரை ஓரத்தில் ஒரு நெடுவரிசை பாதியில் வெட்டுப்படுகிற மாதிரி அகலத்தைக் கொடு. முழுதாக முடிந்ததுபோலத் தெரிந்தால் யாரும் தள்ள மாட்டார்கள். பாதி எழுத்து தெரிந்தால் கை தானாகப் போகும். வலது ஓரத்தில் மெல்லிய நிழலும் விழச் செய்யலாம். பேக்கிரவுண்டாக இரண்டு கிரேடியன்ட், ஒன்றுக்கு அட்டாச்மென்ட் லோக்கல் (உள்ளடக்கத்தோடு நகரும்), இன்னொன்றுக்கு ஸ்க்ரோல் (பெட்டியோடு அப்படியே நிற்கும்). கடைசிவரை தள்ளியதும் நிழல் தானாக மறையும், ஜாவாஸ்க்ரிப்ட் வேண்டாம். ஐஃபோனில் ஒருமுறை சோதித்துவிடு, லோக்கல் அங்கே பல பதிப்புகளில் சரியாக வேலை செய்யவில்லை.

அந்த டிவ்வுக்கு டேப்இண்டெக்ஸ் பூச்சியமும் கொடு. கீபோர்டில் மட்டும் ஓட்டுகிறவர்களும் தள்ளிப் பார்க்க முடியும்.

---

செம்பனைத்தம்பி:

எல்லாம் செய்தாயிற்று அக்கா. தொகை பெயருக்குப் பக்கத்தில் வந்ததும் செயலாளர் போன் நின்றது. இப்போது "லயம்" என்ற தலைப்பில் "ல" மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. ஐஃபோனில் நிழல் வரவில்லை, ஆனால் அந்த "ல"வே போதுமாக இருக்கிறது. இன்று கடைக்கு வந்த ஒரு அம்மா தன் பெயரைக் காட்டி, தள்ளித் தள்ளி லயம் எண்ணைத்தான் தேடினார். பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டுமாம்.

இழையை முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

---

லயத்துக்காரி:

முடிப்பதற்கு முன் ஒன்று. மேலிருந்து பதினோராவது வரியில் எங்கள் அப்பா பெயருக்கு நேராக ஏழாவது லயம் என்று போட்டிருக்கிறாய். நாங்கள் எட்டாவது லயம், குழாயடிக்குப் பக்கத்து வீடு. திருத்திவிடு தம்பி.